கோவிந்தராஜனின் கடைசி ஃப்ளாப்பி

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற கடை ஒன்றின் மேல்மாடியில், மரப்படி ஏறியதும் இடது கைப் பக்கம் இருந்த அறைதான் விவேக்கின் கடை. கடை என்று அவன்தான் சொல்லிக்கொள்வான். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது செத்த கம்ப்யூட்டர்களைப் போட்டு வைக்கும் கிடங்கு. 2003-ம் வருஷம், ஊரே சி.டி.க்கு மாறிவிட்டிருந்தது. பழைய ஃப்ளாப்பிகளை வைத்துக்கொண்டு முழித்தவர்கள் எல்லாம் விசாரித்துக்கொண்டு அவனிடம் வந்தார்கள். சணல் ஆலைக் கணக்கர்கள் வந்தார்கள். ஆயுசு முழுக்கச் செய்த ஆராய்ச்சியை ஏதோ ஒரு ஊர் பேர் தெரியாத மெஷினில் அடித்து வைத்துவிட்ட பேராசிரியர்கள் வந்தார்கள். செய்த கம்பெனியே மறந்துபோன ஃபார்மட்டாக இருந்தாலும் விவேக் அதைப் படித்து சி.டி.யில் ஏற்றிக் கொடுத்துவிடுவான். அந்த விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்த அறையின் இன்னொரு சொத்து அவன் மனைவி கவிதாவின் வாய். ஃபோனில் வாடிக்கையாளரோடு வங்காளியில் பேசிக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கீழே காப்பிக் கடைக்காரரை இந்தியில் ஒரு அதட்டு அதட்டிவிட்டு, இவன் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு குத்து விடுவாள். விவேக் அலுத்துக்கொள்வான். ஆனால் அந்தக் குரலுக்காகத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், ஒரு ஆபீஸிலிருந்து ஃபோன் போட்டு, "சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கத் துப்பில்ல, இதுல போர்டு வேற மாட்டியிருக்கீங்க" என்று முகம் தெரியாத ஒரு பெண் திட்டினாள்; அதுதான் கவிதா. ரிசீவரை வைத்த பிறகும் அவன் காது அந்தக் குரலுக்காக ஏங்கியது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் அவனுக்கு வேலை ஓடாது.

ஆவணி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ஷியாமளா மாமி படியேறி வந்தாள்.

அறுபதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள். வெளிர் புடவை, நெற்றியில் ஒன்றுமில்லை. வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். இடது கையால் ஒரு பிளாஸ்டிக் பையை விவேக்கிடம் நீட்டினாள். இடது கையால் கொடுக்கிறாளே என்று அவனுக்குச் சுருக்கென்றது. பெரியவள் ஆயிற்றே, என்ன சொல்வது? வாங்கிக்கொண்டான். கவிதா காப்பி கொடுத்தபோதும் டம்ளரை இடது கையாலேயே வாங்கினாள். கவிதா அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"எங்காத்து மாமாவோடது. கோவிந்தராஜன்னு பேர்" என்றாள் மாமி. "கார்டன் ரீச்ல ஒரு ஷிப்பிங் கம்பெனி இருந்தது, இப்போ மூடியாச்சு. அதுல பெரிய ஆபீசர். ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மெஷினை ஆத்துக்கே கொண்டுவந்து வெச்சுண்டு, மூக்குப்பொடியைப் போட்டுண்டு டைப் அடிச்சிண்டிருப்பார். அவர் போயி வருஷம் எத்தனையோ ஆச்சு. பிள்ளை ஜெயந்த் அமெரிக்காலேர்ந்து வந்தவன் பரண்ல இதைப் பாத்துட்டான். அப்பா எழுதினது எல்லாம் எனக்கு வேணும்னு ஒரே பிடிவாதம்."

"கவலையே படாதீங்க மாமி, எடுத்துடலாம்."

"எடுக்கறது இருக்கட்டும்." மாமி குரலைத் தாழ்த்தினாள். "படிச்சாப் போறும். இதுல எதையும் எழுதிடக் கூடாது, தம்பி. ஒரு எழுத்துகூட."

"நான் எழுத மாட்டேன். எழுதவே முடியாதபடி பூட்டிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்" என்றான் விவேக். தொழில் தெரிந்தவனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

"பூட்டிடுவேளா? அப்போ சரி." மாமி மூச்சு விட்டாள். படி இறங்கும் முன் கவிதாவைத் திரும்பிப் பார்த்தாள். கவிதா அதற்குள் மாமியின் வீடு எங்கே, பஸ் எது, இந்த மழையில் ஏன் வந்தீர்கள், ஃபோன் போட்டால் நாங்களே வந்திருக்க மாட்டோமா என்று நாலைந்து கேள்விகளைக் கேட்டு முடித்திருந்தாள்.

"நன்னாப் பேசறே" என்றாள் மாமி. அவள் முகத்தில் இருந்தது பாராட்டா பொறாமையா என்று விவேக்குக்குப் பிடிபடவில்லை.

*

பையில் இருந்தவை எட்டு அங்குல ஃப்ளாப்பிகள், சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அந்தக் காலத்திலேயே கொஞ்சப் பேர்தான் அவற்றைப் பார்த்திருப்பார்கள். விவேக்கிடம் அவற்றைப் படிக்க ஒரு டிரைவ் இருந்தது. ஹவுராவில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்து, தானே ஒரு கேபிள் செய்து, கம்ப்யூட்டரோடு மாட்டியது. பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே படிக்கும் முனை ஃப்ளாப்பியின் மேல் வந்து இறங்கும்போதெல்லாம் யாரோ மேஜையில் மோதிரக் கையால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும்.

டக்.

மற்றபடி சாதுவான சாமான்தான். அவனுக்கு அதை உபயோகப்படுத்த வாய்ப்பு வந்ததே ஓரிரு முறைதான்.

ஃப்ளாப்பியின் ஓரத்தில் நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு சின்ன வெட்டு இருக்கும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து விவேக் புழங்கிய ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளில் அந்த வெட்டின் மேல் ஒரு துண்டு வெள்ளித்தாளை ஒட்டிவிட்டால் போதும், பூட்டு விழுந்த மாதிரி. படிக்கலாம், எழுத முடியாது. கோவிந்தராஜனின் ஃப்ளாப்பிகளைப் பார்த்தபோது அவனுக்கு மரியாதையே வந்துவிட்டது. எல்லாவற்றிலும் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது.

"பாத்தியா, கவனமான ஆளு. எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்காரு."

ஒன்றில் மட்டும் இல்லை. அது தனியாக ஒரு துணிக்குள் சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. வெட்டு திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில் பழைய பசையின் கறை மட்டும் தெரிந்தது. ஒட்டியது விழுந்திருக்கும் என்று நினைத்தான். மாமிக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளித்தாள் எடுத்து, அளவாக வெட்டி, விரலால் நீவி நீவி ஒட்டினான்.

மற்றவற்றை மறுநாள் காலைக்குள் படித்து முடித்துவிட்டான். சரக்குக் கப்பல், வாடகை, தாமதத்துக்கு விளக்கம், எல்லாம் ஆபீஸ் சமாசாரம். ஜெயந்த் ஆசைப்படும்படி ஒன்றுமில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்தக் கடைசி ஃப்ளாப்பியை எடுத்தான்.

டிரைவின் கதவை மூடியதும் அறையில் மூக்குப்பொடி வாசனை வந்தது.

கவிதா அடுக்காகத் தும்மினாள். "யாரு பொடி போடறது? கீழ கடையில எவனாவது வந்திருக்கானா?"

விவேக் காதில் அது விழவில்லை. திரையில் வந்தது எல்லாம் குப்பை. மற்ற ஃப்ளாப்பிகளுக்குப் பிடிபட்ட கணக்கு இதற்குப் பிடிபடவில்லை. நெடுநேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்த ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் அந்த மனிதர் ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி எழுதியிருக்கிறார்.

"எல்லாமே தலைகீழ்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். தலைகீழாக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

திருப்பிப் போட்டதும் எழுத்துகள் வரிசை கட்டி வந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். கவிதா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"ஷியாமளா வாசலில் நிற்கக் கூடாது. ஷியாமளா பாடக் கூடாது. ஷியாமளா அடுத்த வீட்டாரோடு பேசக் கூடாது. ஷியாமளா சிரித்தால் சத்தம் வரக் கூடாது..."

பக்கம் பக்கமாகப் போயிற்று. எல்லா வரியும் அவள் பெயரில் தொடங்கி ஒரே வார்த்தையில் முடிந்தது. கடைசி வரி மட்டும் முடியவில்லை.

ஷியாமளா இனி

அவ்வளவுதான். அதற்கு மேல் வெற்றிடம்.

கவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது; வாயில் முதலில் வங்காளிதான் வந்தது. "ஏ மா! இவனெல்லாம் ஒரு மனுஷனா? பொண்டாட்டிக்கு டைப் அடிச்சு ஆர்டர் போட்டிருக்கான்! பாடக் கூடாதாம், சிரிக்கக் கூடாதாம். என்கிட்ட மாட்டியிருந்தா அந்தப் பொடி டப்பியை அவன் கண்ணுலயே கொட்டியிருப்பேன். இதைப் போயி அந்தப் பையன் ஆசை ஆசையா கேக்கறானே, விவேக், நாம இதைக் குடுக்கவே கூடாது, கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம், என்ன சொல்றே, நீ ஏதாவது சொல்லேன்..."

ஃப்ளாப்பியின் கடைசிப் பகுதி இடறிக்கொண்டிருந்தது. படிக்க வருவதும் விட்டுப்போவதுமாக இருந்தது. விட்டுப்போன இடங்களின் எண்களை விவேக் மனதில் பிடித்து வைத்திருந்தான். அவள் பேச்சில் அது நழுவிற்று. அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன் கவி! ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

டக்.

அவன் டிரைவுக்கு எந்த உத்தரவும் கொடுத்திருக்கவில்லை. கேபிள் லூசாக இருக்கும் என்று ஒரு அழுத்து அழுத்தினான்.

கவிதா அடங்கிவிட்டாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. குனிந்து வேலையில் ஆழ்ந்தான். வேலையும் நன்றாகத்தான் ஓடிற்று. வெளியே மழை ஓட்டில் விழுந்தது. மரச் சட்டங்கள் அடைத்த ஜன்னல் காற்றில் முனகிற்று. கீழே காப்பிக்கொட்டை உருளையில் உருண்டு உருண்டு வறுபடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை இத்தனை வருஷத்தில் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

மெதுவாகத் திரும்பினான்.

கவிதா ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்திருந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே வரவில்லை.

"கவி! என்ன ஆச்சு? கவி!"

அவள் அவனுக்குப் பின்னால் கை காட்டினாள். திரையில் 'ஷியாமளா இனி' என்ற வரிக்கு மேலே, சற்று முன் இல்லாத ஒரு வரி இருந்தது.

கவிதா பேசக் கூடாது.

விவேக் கீபோர்டைத் தொடவில்லை. கவிதா மேஜைக்கு ஓடிவந்து ஒரு காகிதத்தை இழுத்தாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாளே தவிர எழுத வராது. வங்காளியில் கிறுக்கினாள். யாரோ என் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

அவன் மாமிக்கு ஃபோன் போட்டான்.

"மாமி, அந்தத் தனி ஃப்ளாப்பி..."

"எழுதிடுத்தா?" என்றாள் மாமி. அவன் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

"அதெப்படி எழுதும்? பூட்டியிருக்கேனே மாமி! நானே வெள்ளித்தாள் ஒட்டி..."

மறுமுனையிலும் மழை பெய்வது கேட்டது.

"ஒட்டினேளா?" மாமியின் குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது. "ஐயோ தம்பி. இந்தப் பெரிய தட்டுல ஒட்டினாத்தான் எழுத முடியும். பிச்சு எடுத்தா முடியாது. சின்னதுக்கு ஒரு மாதிரி, இதுக்கு நேர் எதிர் மாதிரி. மாணிக்கம்னு ஆபீஸ் மெக்கானிக், அவர்தான் எனக்குச் சொன்னது. பிச்சுடுங்கோ. இப்பவே பிச்சுடுங்கோ!"

அத்தனை ஃப்ளாப்பிகளிலும் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் விவேக்கின் கண் முன்னால் வந்து நின்றது. அந்த ஆள் எதையும் பூட்டி வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார். பூட்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் இவன் அளவெடுத்துத் திறந்துவிட்டான்.

டக்.

திரையில் ஒரு எழுத்து வந்தது.

டக். டக்.

கவிதா என்று வந்தது. விவேக் டிரைவின் கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. பொடி வாசனை மூக்கைக் குத்திற்று.

டக். டக். டக்.

கவிதா மூச்சு

அவன் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினான். கதவு தெறித்தது. ஃப்ளாப்பியை உருவி, நகத்தால் வெள்ளித்தாளைச் சுரண்டிப் பிய்த்து எறிந்தான். பின்னால் கவிதா தரையில் உட்கார்ந்து, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சு வந்தது. குரல் வரவில்லை.

*

ராஷ்பிகாரியில் இருந்த தொண்டை டாக்டர் குழாயெல்லாம் விட்டுப் பார்த்தார். நரம்பு நன்றாக இருக்கிறது, ஏதோ அதிர்ச்சி, ஓய்வு எடுங்கள் என்றார். கவிதா விவேக்கைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் அந்த டாக்டருக்கு வெளியே வந்ததும் நல்ல பூஜை நடந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டபோது விவேக்குக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, முழங்கால் தண்ணீரில் டாக்சி பிடித்து மாமி வந்து சேர்ந்தாள். வந்ததும் கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா யார் நம்பறா? பெத்த பிள்ளையே நம்பலை" என்றாள். "அவர் எழுதினா நடக்கும். எப்படின்னு எனக்குத் தெரியாது. ஒருநாள் அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிண்டிருந்தேன். அதைப் பாத்துட்டார். ஷியாமளாவின் வலது கை எழக் கூடாதுன்னு அடிச்சார். அப்போ விழுந்த கைதான் இது. ஆத்திரத்துல அந்தத் தட்டைக் கொண்டுபோய் அடுப்புல போட்டேன். எரிச்சாப் போயிடும்னு நெனச்சேன். போகலை. அழிக்கறதுக்குன்னு இருந்த எழுத்தே போயிடுத்து. கை இப்படியே நின்னுடுத்து."

தலைப்பை விலக்கினாள். கை இளைத்து, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி மடியில் கிடந்தது.

"மாணிக்கம் மெஷினைப் பாக்க வந்தப்போ அவர்கிட்ட அழுதேன். அவர் ஒண்ணும் கேக்கலை. மிச்சம் இருந்த இந்தத் தட்டுல வெள்ளித்தாளைப் பிச்சுட்டு, இனிமே எழுத முடியாதும்மான்னுட்டுப் போயிட்டார். அன்னிக்கு மத்தியானம் இவர் உக்காந்து அடிச்சார். ஷியாமளா இனின்னு அதுக்கு முந்தியே பாதியில நின்னிருந்த வரி. அதை முடிக்கணும். மெஷின் எழுத மாட்டேங்கறது. அடிக்கறார், அடிக்கறார், கீபோர்டைப் போட்டுக் குத்தறார். சாயந்தரம் காப்பி கொண்டு போனேன். தலை மெஷின் மேல கிடந்தது. எல்லாரும் செத்துட்டார்னு சொன்னா. அவர் சாகலை தம்பி. இந்தத் தட்டுக்குள்ள போய் உக்காந்துட்டார்."

விவேக் ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பிடித்தான். நேற்றே பார்த்ததுதான், இன்று இன்னும் அதிகமாகத் தெரிந்தது. பழுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கல்கத்தா ஈரத்துக்கு எந்த ஃப்ளாப்பியும் தப்பாது. சில இடங்களில் பூச்சே உரியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அது தானாகவே உதிர்ந்துவிடும். அப்புறம் எரித்ததும் இதுவும் ஒன்றுதான். கவிதாவின் குரல் மாமியின் கையைப் போல ஆகிவிடும்.

"எரிச்சதுனாலதான் போகலை" என்றான். "எழுதினது மேல வெத்து எழுத்தை எழுதி அழிச்சா?"

"யாரும் அழிச்சுப் பாத்ததில்லை."

"அழிக்கணும்னா மறுபடியும் வெள்ளித்தாள் ஒட்டணும் மாமி. நம்ம எழுதற நேரம் அவரும் எழுதுவாரு."

மாமி நாற்காலியை டிரைவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒட்டுங்கோ. பாதியில நிக்கறது என் பேர். அதை முடிக்கத்தான் அவர் பறப்பார். அந்த நேரத்துல நீங்க இந்தக் கொழந்தையோடதை அழிச்சுடுங்கோ. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன், அவருக்குத் தேட வேண்டாம்."

கவிதா தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் என்று. மாமி அவள் கன்னத்தைத் தட்டினாள்.

விவேக் வெள்ளித்தாளை ஒட்டினான். விரல் வழுக்கிற்று. ஃப்ளாப்பியை உள்ளே தள்ளிக் கதவை மூடினான்.

டக்.

பொடி வாசனை அறையை நிறைத்தது. தலையிலிருந்து கடைசி வரை முழுக்க வெற்றாக்கு என்று உத்தரவு கொடுத்தான். டிரைவ் உறுமியது. திரையில் மேலிருந்து வரிகள் மறையத் தொடங்கின. வாசலில் நிற்கக் கூடாது, போயிற்று. பாடக் கூடாது, போயிற்று.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மாமி தன்னையும் அறியாமல் ஏதோ ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த கதவு திறப்பது போன்ற குரல்தான். ஆனாலும் அது பாட்டு. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதட்டில் சிரிப்பு இருந்தது. சிரிப்பில் சத்தமும் வந்தது.

அடுத்த வீட்டாரோடு பேசக் கூடாது. போயிற்று. பக்கம் பக்கமாகப் போயிற்று. விவேக் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். எந்த நிமிஷமும் ஒரு எழுத்து எதிர்த்து வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

கவிதா பேசக் கூடாது.

போயிற்று.

கவிதா மூச்சு. போயிற்று. ஷியாமளா இனி. அதுவும் போயிற்று. திரை முழுக்கச் சுத்தமாக இருந்தது. டிரைவ் தானாக ஓய்ந்தது. விவேக் ஒரு கணமும் தாமதிக்காமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டான்.

இவ்வளவுதானா? இத்தனை வருஷப் பேய் இத்தனை சுலபமாகப் போய்விடுமா?

கவிதா இருமினாள்.

இருமல் சத்தம் கேட்டது! விவேக் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். முதல் வேலையாக அவனைத்தான் திட்டுவாள், அவனுக்கு நிச்சயம். இத்தனைக்கும் காரணம் உன் திமிர்தான் என்பாள். சொல்லட்டும். சாயந்தரம் வரைக்கும் சொல்லட்டும், ராத்திரி முழுக்கச் சொல்லட்டும்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. முகம் மெல்ல மாமியின் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது.

"ஷியாமளா இனி" என்றாள்.

குரல் கவிதாவினுடையது. பேச்சு அவளுடையது அல்ல. அவள் மாமியை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். கவிதாவின் கண்கள் மட்டும் அவளுடையதாக இருந்தன. அவை பயத்தில் அகன்று, என்னைத் தடுங்கள் என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கெஞ்சின.

மாமிக்குத் தெரிந்துவிட்டது. இடது கையை நீட்டிக் கவிதாவின் வாயை இறுகப் பொத்தினாள்.

கீழே காப்பிக்கொட்டை உருண்டது. பொடி வாசனை கவிதாவின் மூச்சிலிருந்து வந்தது. மாமியின் விரல்களுக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வயசான ஒற்றைக் கை.

"தம்பி... கை நழுவறது."

"விடுங்க மாமி. நான் பிடிக்கறேன். நீங்க போங்க. எங்கயாவது தூரமா, காது கேக்காத இடமாப் போயிடுங்க."

மாமியின் கை விலகுவதற்குள் விவேக் தன் கையை வைத்துவிட்டான். மாமி படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அவன் உள்ளங்கையில் கவிதாவின் உதடுகள் சூடாக இருந்தன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து மூடின. ம என்று தொடங்கும் ஒரு வார்த்தைக்கு உதடு எப்படி மூடுமோ அப்படி மூடின. நேற்று திரையில் கவிதாவின் பேருக்குப் பின்னால் வந்து நின்ற 'மூச்சு' அவனுக்கு ஞாபகம் வந்தது.

எந்தக் குரலுக்காக அவளைக் கட்டிக்கொண்டானோ அதை அவன் கையாலேயே அழுத்தினான். அவள் கண்ணீர் அவன் விரல் மேல் வழிந்தது.

"பேசாத கவி" என்று கெஞ்சினான். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பிளக் தரையில் கிடந்தது.

டக்.